இரண்டு கையாலும் பிடித்த பலகை

இன்று காலை கொட்டகை முழுக்கப் பைன் பலகை அறுத்த வாசனை. உனக்கு உயிரான வாசனை. புது நோட்டைப் பிரிச்ச மாதிரி இருக்குதுடி கலா என்று மூச்சை இழுத்து இழுத்து விடுவாய். எனக்கோ அது மூக்கில் ஏறினால் தும்மல்தான். இன்றும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பதினேழு தடவை தும்மினேன். பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்ல நீ இல்லாததால் நானே எண்ணிக்கொண்டேன்.

நீ போன பிறகு நம் கொட்டகையிலிருந்து கடல் தாண்டிப் போகிற முதல் வண்டி இன்று கிளம்பியது. என்ன வண்டி தெரியுமா? ஆட்டோ. மூன்று சக்கர ஆட்டோவேதான், சிரிக்காதே. செங்கம் பக்கத்து ஆள் ஒருவர் ஜெர்மனியில் தோசைக் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் நிறுத்தி, பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து இட்லி பரிமாறப் போகிறாராம். அங்கே போய் மீட்டர் போடுவாரா என்று நீ கேட்டிருப்பாய். நானும் கேட்டேன். போனில் அவர் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

ஆட்டோவை உள்ளே வைத்து அடித்த பெட்டிக்குக் கடைசிப் பலகை வைக்கிற நேரம் வந்தது. நம் தச்சன் ஏழுமலை, பேரன் எடுத்த பிறகும் உன்னைப் பெரியக்கா, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன், ட்ரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு எப்போதும் சொல்வதைச் சொன்னான். "ரெண்டு கையாலயும் பிடிங்கக்கா."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தாமஸின் புல்லட்டைப் பற்றிப் பேசாமல் அதைச் சொல்ல முடியாது. அந்த வண்டி விஷயத்தில் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். பத்து வருடம் மறைத்தேன். சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாயோ என்று ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இனியும் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நாம் இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிராவல்ஸ் ஒன்றில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒருநாள் நீ முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தாய். வந்தவள் சும்மா வரவில்லை, என் கைப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். பையைத் தேடி நான் வெளியே வர, அப்படியே என் வேலையும் போயிற்று. அடி அண்ணாமலையில் உன் அப்பா தன் காட்டில் விளைந்த மல்லாட்டை மூட்டை அடுக்கி வைக்கிற கொட்டகை காலியாக இருந்தது. இந்த ஊரில் வருடக்கணக்கில் தங்கிவிட்டு ஊர் திரும்புகிற வெளிநாட்டுக்காரர்கள் சிலையையும் புத்தகத்தையும் கட்டி அனுப்ப வழி தெரியாமல் நம் டிராவல்ஸில் வந்து நிற்பதை இருவரும் பார்த்திருந்தோம். நாமே கட்டி அனுப்பலாம் என்றாய். கொட்டகைக்கு உள்ளே மரமும் ஆணியும் லாரியும் உன் பாடு. வாசலில் மேசை போட்டு பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸ் பேப்பர், சென்னைத் துறைமுக ஏஜெண்டோடு சண்டை எல்லாம் என் பாடு. சண்டைக்கு நான்தான் சரியான ஆள் என்று நீயே சொன்னாய்.

என் அப்பா தேரடி வீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். அதனால் எதைக் கண்டாலும் காகிதத்தில் பொட்டலம் மடிக்கிற பழக்கம் எனக்கு. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மிச்ச முனையை உள்ளே செருகிவிட்டால் பிரியவே பிரியாது. ஆணியையும் மடிப்பேன், மிக்சரையும் மடிப்பேன். ஒருநாள் உன் கம்மலைக்கூட மடித்து வைத்துவிட்டேன், சுக்கு என்று நினைத்து நீ அதைத் தேநீரில் போடப் பார்த்தாய். இந்தக் கதைக்கு இந்த மடிப்பு வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்.

தாமஸ் ஆஸ்திரேலியாக்காரர். இருபது வருடம் இங்கே இருந்து தமிழில் வெண்டைக்காய் பேரம் பேசுகிற அளவுக்கு வந்தவர். அவருடைய மகள் பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் இங்கே வருவாள். புல்லட்டின் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து அப்பாவோடு மலையைச் சுற்றுவாள். அவளுக்குத் திருமணம் நிச்சயமானதும் தாமஸ் ஊருக்கே திரும்புவது என்று முடிவு செய்தார். மணப்பெண்ணை அதே புல்லட்டில் ஏற்றித் திருமணத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. அதுவரை நாம் வண்டி எதையும் கப்பலில் அனுப்பியதில்லை. நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"கல்யாணத்துக்கு முன்னாடி வண்டி உங்க வாசல்ல நிக்கும் சார். நான் சொல்றேன்."

அவர் போன பிறகு உன்னை நான் திட்டிய திட்டு கொட்டகைக் கூரையைத் தாண்டிப் போயிருக்கும். நீ பாட்டுக்கு வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தாய்.

ஆனால் வேலை என்று வந்தால் உன்னைப் போல் யார்? வண்டிக்கு அவர்கள் நாட்டில் சக்கரத்தில் ஒட்டின மண்கூட ஆகாது, ஒரு விதை, ஒரு இலை ஆகாது என்று வந்த பேப்பரை மூன்று தடவை என்னைப் படித்துக் காட்டச் சொன்னாய். பெட்டி செய்கிற மரம்கூடப் பூச்சி இல்லாதபடி சூடேற்றி முத்திரை குத்தின மரமாக இருக்க வேண்டும். அதைச் சென்னையிலிருந்து வரவழைத்தாய். பெட்ரோலை வடித்தாய், பேட்டரி ஒயரைக் கழற்றினாய். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தாய். லாரிக்காரர் ஒருவர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவில்லையா என்று கேட்டதற்கு, பழத்தை நீங்க ஜூஸ் போட்டுக் குடிங்க என்று அனுப்பினாய். உள்ளே மண், இலை, விதை, உணவுப் பொருள் எதுவும் இல்லை என்று நான் டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டேன்.

இப்போது கேள். கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை நான் கோயிலுக்குப் போனேன். எனக்குப் பயம். சிலை உடைந்தால் சிலையோடு போகும், இது ஒரு பெண்ணின் கல்யாணம். அர்ச்சனை செய்து, குருக்கள் கொடுத்த விபூதியையும் இரண்டு வில்வத்தையும் தப்பாக அடித்த பேக்கிங் லிஸ்ட் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் புல்லட்டின் சீட்டுக்கு அடியில் செருகினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது இலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. இலை வேறு, பிரசாதம் வேறு அல்லவா? இந்த ஊரில் பிறந்தவளுக்கு அப்படித்தானே தோன்றும்?

அங்கே சோதனை செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. மெயில் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளை நிறப் பொடி, அடையாளம் தெரியவில்லை. காய்ந்த இலை இரண்டு. வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறோம், பொடி ஆய்வுக்குப் போகிறது, விளக்கம் எழுதுங்கள் என்று பொட்டலத்தின் போட்டோவோடு வந்திருந்தது. கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. நீ போட்டோவைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே போனை எடுத்துத் தாமஸைக் கூப்பிட்டாய்.

"தப்பு என்னுதுதான் சார். நான்தான் விபூதி வச்சேன். வண்டிய வரவெக்கிறது என் பொறுப்பு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊரே அடங்கிப் போகிற மாதிரி சண்டை போடுகிறவள், அன்று நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ லாரிக்காரர் வைத்தது என்று நினைத்துத்தான் நீ அதை உன் தலையில் போட்டுக்கொள்கிறாய் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். வெட்கங்கெட்டவள் நான்.

பிறகு அந்த விளக்கக் கடிதம். விபூதி என்றால் என்ன என்று இங்கிலீஷில் எழுத வேண்டும். புனிதமான சாம்பல் என்று அடித்தேன். எதோட சாம்பல்னு கேப்பாங்களே என்றாய். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். விடமாட்டேன் என்றாய். மண்ணே ஆகாது என்கிறவர்களிடம் மாட்டுச் சாணி என்று எழுதினால் கப்பலையே கவிழ்த்துவிடுவார்கள் என்று நான் கத்த, ஏழுமலை ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். நீ அசையவே இல்லை.

"சுட்ட சாணின்னே எழுது. எங்க ஊர்ல நெத்தியில பூசறோம், பயந்தா ஜாஸ்தியா பூசறோம்னு எழுது."

அப்படியே எழுதினேன், வார்த்தைக்கு வார்த்தை. பயந்தால் அதிகமாகப் பூசுவோம் என்பதையும் சேர்த்து. அதை நீ என்னைப் பார்க்காமல் சொன்னாய். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. விளக்கத்துக்கு நன்றி, பொருளை எரித்து அழித்துவிட்டோம், வண்டியை மறுபடி கழுவி விடுவிக்கிறோம் என்று ஒரு அதிகாரி எழுதியிருந்தார். "ஏற்கனவே சுட்டத இன்னொரு தபா சுட்டுட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு நீ சிரிக்க ஆரம்பித்தாய். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், தரையில் உட்கார்ந்து சிரித்தாய். ஏழுமலையின் மனைவி சாப்பாடு கொண்டு வந்தவள், என்னவென்றே தெரியாமல் உன்னோடு சேர்ந்து சிரித்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி அவர் வாசலில் போய் நின்றது. வெள்ளைக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் போட்டோ இன்னும் என் மேசைக்கு மேல்தான் இருக்கிறது. ஹெல்மெட்டுக்கு மேல் பூ வளையம் வைத்திருந்தாள்.

அதன் பிறகுதான் நீ அந்தச் சட்டத்தைப் போட்டாய். பெட்டிக்குள்ளே சாமி கிடையாது. வண்டி முதலில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும், அப்புறம் குளிக்கட்டும், அப்புறம் பெட்டிக்குள் போகட்டும். எங்கே போனாலும் அண்ணாமலையாரைப் பார்த்துவிட்டுத்தான் போகும், அந்த நாட்டுக்காரர்களும் அதில் குறை கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. யாருக்காக நீ அதை யோசித்தாய் என்றுதான் யோசிக்கவில்லை.

அந்த மொபெட்டை மறப்பேனா? பிரெஞ்சுக்கார அம்மா ஒருவருடையது. மறுநாள் லாரி வருகிறது, அன்று பார்த்துப் பௌர்ணமி. பாதை முழுக்க ஜனம், வண்டி எதற்கும் அனுமதி இல்லை. இந்த ஒன்றைச் சுற்றாமல் அனுப்பிவிடலாம் என்றேன். நீ மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டு ஜனத்துக்குள் இறங்கிவிட்டாய். ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். வண்டி ஓடக்கூடாதும்மா என்றார்.

"ஓடல சார். எங்க கூட நடந்து வருது, பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரமாகப் போங்கள் என்று கையைக் காட்டினார். பதினான்கு கிலோமீட்டர். குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், வேண்டுதலா அம்மா என்று கேட்டதற்கு, ஆமாங்க, வண்டிக்கு என்று சொன்னாய். அவர் மொபெட்டின் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது என் கால் இரண்டும் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தன. உனக்கு மட்டும் பசி எடுத்தது.

மலையைச் சுற்றுகிற வழக்கத்தோடு இன்னொரு வழக்கமும் அதே சமயத்தில் வந்தது. பெட்டிக்குக் கடைசிப் பலகை வைக்கும்போது ஏழுமலை என்னைக் கூப்பிடுவான். இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வான். ஏன் என்று கேட்டதற்கு, பேப்பர்ல கையெழுத்து போடறவங்க ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் சரக்கு பத்திரமா போய்ச் சேரும், தச்சு வேலையில் அது வழக்கம் என்றான். நான் நம்பினேன். நம்பியது மட்டுமா, வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். எங்கள் பக்கத்துத் தச்சர்களின் பழைய மரபு என்று ஒரு இத்தாலிக்காரருக்கு அரை மணி நேரம் விளக்கினேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாய். பாவி.

போன தை மாதம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இரண்டு தடவை வந்தேன். தாமஸ் வண்டி என்று ஆரம்பித்தால் போதும், நீ வேறு எதையாவது பிடித்துக்கொள்வாய். இன்னாடி மூஞ்சிய தொங்க போட்டுகினு வந்திருக்கே, ஒரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கி வரத் தெரியல என்பாய். மூன்றாம் தடவை வெள்ளரிப் பிஞ்சோடு வந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். அதை வழியில் ஒரு மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, வேங்கிக்கால் வரைக்கும் எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன்.

இன்றைக்கு வருகிறேன். நேற்று ஏழுமலை ஓட்ட, நான் பின்சீட்டில் உட்கார, ஆட்டோ மலையைச் சுற்றி வந்தது. தேய்த்துக் கழுவினோம். உன் டூத் பிரஷ்ஷால்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இன்று விடிந்ததும் எனக்கு அதே பழைய பயம் வந்துவிட்டது. நீ இல்லாமல் அனுப்புகிற முதல் வண்டி. கோயிலுக்குப் போனேன். விபூதி வாங்கினேன். மடித்தேன். இடுப்பில் செருகிக்கொண்டேன். வில்வம் வேண்டாம், விபூதி மட்டும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீட்டுக்கு அடியில் வைக்க மூன்று தடவை கிட்டே போனேன். ஏழுமலை நகரவே இல்லை. டீ குடித்துவிட்டு வாயேன் என்றேன், குடித்தாயிற்று என்றான்.

கடைசிப் பலகை வந்தது. ஒரு கையால் பிடித்தேன். இன்னொரு கை இடுப்பிலேயே இருந்தது, சந்து வழியாக உள்ளே போட்டுவிடலாம் என்று. அவன் ட்ரில்லை நிறுத்தினான். இன்னொரு கை என்றான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஒரு கையால் பிடித்தால் பலகை நிற்காதா, நான் என்ன அதைத் தூக்கிக்கொண்டா ஓடப் போகிறேன் என்று கத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

"நீங்க பிடிக்காட்டியும் நிக்கும்கா. பெரியக்காதான் சொல்லிட்டுப் போனாங்க. புல்லட்டு போய்ச் சேந்த அன்னிக்கே. கலாவுக்கு பயம் வந்தா பொட்டலம் வெச்சிடுவா, மூடி போடற வரைக்கும் அவ ரெண்டு கையும் பலகை மேல இருக்கட்டும்னாங்க. ஏன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத, மனசு கஷ்டப்படும்னாங்க."

அந்த மடிப்பு! போட்டோவில் நீ அத்தனை நேரம் பார்த்தது விபூதியை இல்லை. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, உள்ளே செருகின முனை. திருவண்ணாமலையில் வேறு யார் அப்படி மடிப்பார்கள்? பார்த்த அந்த நொடியே உனக்குத் தெரியும். தெரிந்துதான் என் பக்கம் திரும்பாமல் போனை எடுத்தாய். நான் பத்து வருடம் உன்னிடமிருந்து மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியும் என்பதையே நீ பத்து வருடம் என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறாய்.

நான் சிரித்தேன். அந்த இத்தாலிக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டது ஞாபகம் வர, இன்னும் சிரித்தேன். எங்கே சிரிப்பு முடிந்து எங்கே அழுகை ஆரம்பித்தது என்று ஏழுமலையைத்தான் கேட்க வேண்டும். அவன் ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினான். பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நானே பிரித்துக் கொடுத்தேன். அவனும் பூசிக்கொண்டான், நானும் பூசிக்கொண்டேன். பயந்தால் ஜாஸ்தியாகப் பூசுவோம் என்று எழுதச் சொன்னாயே, அவ்வளவு பூசினேன்.

அப்புறம் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு ஸ்குரூ. எட்டும் இறங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தை வைத்தது நான்தான். உனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

லாரி மதியமே சென்னைக்குக் கிளம்பிவிட்டது. இதை எழுதுகிறபோதும் உள்ளங்கை இரண்டிலும் அந்தப் பைன் வாசனை அப்படியே இருக்கிறது. பதினெட்டாவது தும்மல் வருகிறது. கையைக் கழுவத்தான் மனசு வரவில்லை.